பொதுநிறம்

போன மாதம் லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு கல்யாண வரவேற்பு. பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை, தெரிந்தவர் ஒருவரின் மகள், தன் ஃபோனில் என்னையும் மனைவியையும் படம் எடுத்துக் காட்டினாள். படத்திலிருந்த கிழவர் என்னைவிட நாலு படி வெள்ளை. கழுத்துச் சுருக்கம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"இது ஆர் பிள்ளை?"

"நீங்கள்தான் அங்கிள். ஃபோன் தானாச் செய்யும்."

"நான் கேக்கேல்லையே."

"ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஆனா எல்லாருக்கும் பிடிக்குது" என்று சிரித்தாள்.

இதையே நான் கையால் செய்து சம்பளம் வாங்கியவன் என்று சொன்னேன். அவள் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வடிவமைப்பாளர். அப்படி ஒரு வேலை இருந்ததே அவளுக்குத் தெரியாது. அவசரமில்லை, ஆறுதலாக எழுதித் தாங்கோ என்று கேட்டாள். ஆகவே எழுதுகிறேன். பெருமைப்பட அதிகம் இல்லை. முக்கியமாக எழுதப்போவது ஒரு பிழையைப் பற்றித்தான்.

தொழில் பழகியது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில். என் வேலை நெகட்டிவுக்குப் பென்சில் போடுவது. நெகட்டிவில் முகத்தின்மேல் கூரான பென்சிலால் மெல்ல மெல்லத் தடவினால் அந்த இடம் படத்தில் வெளுத்து வரும். பருவும் தழும்பும் போகும், அதோடு நிறமும் போகும். கல்யாணப் பேச்சுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் பெண்ணைக் கமராவுக்கு முன்னால் இருத்திவிட்டு என் காதருகே வந்து, "தம்பி, முகத்தைக் கொஞ்சம் வெளிப்பாக்கி விடும்" என்பார்கள். கறுப்பு என்ற சொல் அவர்கள் வாயில் வராது. பெண் வெள்ளையென்றால் வெள்ளை, இல்லையென்றால் பொதுநிறம். கல்யாணப் பேச்சை நம்பினால், யாழ்ப்பாணத்தில் கறுப்பாக ஒருவரும் பிறந்ததே இல்லை.

முதலாளி என்னை முதன்முதலில் பழகவிட்டது என் அம்மாவின் நெகட்டிவில். பிழைத்தாலும் சண்டைக்கு வரமாட்டா என்று நினைத்திருப்பார். அம்மா நல்ல கறுப்பு. மூன்று நாள் இருந்து தடவினேன். படத்தைக் கையில் வாங்கியதும், "ஆரடா இது?" என்று வாயைப் பொத்திச் சிரித்தா. பிறகு அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினா. எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அந்தச் சிரிப்பு.

எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து மிச்சம் என்ற பகுதியில் குடியிருந்தோம். ஊருக்குப் பெயர்தான் மிச்சம், மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு வருசம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்ற பிறகு தென் லண்டனில் ஒரு நிறப்பிரிப்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு வர்ணப் படத்தை அச்சடிக்க வேண்டுமென்றால் முதலில் அதை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு ஃபிலிமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிலிமும் பொடிப் பொடிப் புள்ளிகளால் ஆனது. புள்ளி பெரிதென்றால் மை கூட, சிறிதென்றால் குறைவு. ஸ்கேனர் பிரித்துத் தந்ததில் குறை இருந்தால் தூரிகையால் மருந்து தொட்டுப் புள்ளிகளை அரித்துச் சிறிதாக்கலாம். பெரிதாக்க ஏலாது. அரித்தது அரித்ததுதான்.

எங்கள் மேற்பார்வையாளர் டெரிக். எந்நேரமும் முழங்கால் வரை சாம்பல் நிறக் கோட்டு. எங்களுக்கும் அதேதான். நிறம் பார்க்கும் அறையின் சுவர், மேசை, கதவு எல்லாம் சாம்பல். பளிச்சென்று உடுத்து வந்தால் அந்த நிறம் புரூஃபில், அதாவது மாதிரி அச்சில், பட்டுக் கண்ணை ஏமாற்றும் என்பார். சிவப்பு ஸ்வெற்றரோடு வந்த கம்பெனி டைரக்டர் ஒருவரையே வெளியில் நிறுத்தியிருக்கிறார். புரூஃபை விளக்கின் கீழே வைத்து, பூதக்கண்ணாடியால் குனிந்து பார்த்து, நிமிர்ந்து ஒரு சொல் சொல்வார். ஒன்று 'போகும்', இல்லை 'போகாது'. நல்லாயிருக்கிறது என்று பதினொரு வருசத்தில் ஒருநாள்கூட அவர் வாயால் கேட்டதில்லை. இன்னொரு பழக்கம், எந்தச் சந்தேகம் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அசல் எங்கே?"

ஸ்கேனருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அட்டை குத்தியிருந்தது. சிரிக்கிற வெள்ளைக்காரப் பெண்ணின் முகம், கீழே ஒவ்வொரு மைக்கும் வர வேண்டிய அளவு. மனிதத் தோல் என்றால் அந்த அளவுதான். நாங்கள் அவவுக்கு மேடம் என்று பெயர் வைத்திருந்தோம். மேடத்தின் அளவுக்குக் கிட்டப் போனால் முகம் சரி. நானும் பல வருசம் மேடத்தைப் பார்த்துத்தான் முகங்களைத் திருத்தினேன், அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபோலாவும் க்வேசியும் எங்களிடம் வந்தார்கள். ஃபோலா நைஜீரியப் பிள்ளை, தென் லண்டன் பெக்கமில் தாய் தகப்பனோடு இருந்தாள். சட்டப் படிப்பைக் கடைசி வருசத்தில் விட்டவள். க்வேசி கானாக்காரன், கணக்காளர் பரீட்சையில் பாதி எழுதிவிட்டுக் கமராவைத் தூக்கியவன். இருவரும் சேர்ந்து வாழ்த்து அட்டைக் கம்பெனி ஒன்று தொடங்கியிருந்தார்கள். கறுத்த மனிதர்களின் முகம் போட்ட அட்டைகள். அலுவலகம் என்று இருந்தது க்வேசியின் படுக்கையறை.

எங்கள் கம்பெனியில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் டெரிக் ஒருவர்தான். நானும் சிரித்தேன், உள்ளுக்குள். போதாததற்குப் புத்தியும் சொன்னேன்.

"முதலில் படிப்பை முடியுங்கள். அட்டை எங்கேயும் ஓடாது" என்றேன்.

"என் அப்பாவும் இதையேதான் சொல்கிறார்" என்றாள் ஃபோலா. "உங்கள் பிறந்தநாளுக்கு இங்கே அட்டை தருவார்களா?"

"தருவார்கள்."

"கடைசியாகத் தந்ததில் என்ன படம்?"

யோசித்துப் பார்த்தேன். "ஒரு நாய். கோல்ஃப் விளையாடுகிறது."

"பார்த்தீர்களா? நாய்க்குக்கூட இடம் இருக்கிறது" என்றாள்.

அவளுடைய தகப்பனார் ஊரில் பள்ளிக்கூட அதிபர், இங்கே பண்டசாலையில் பெட்டி அடுக்குகிறவர். எங்கள் ஆட்களில் இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். தான் இறங்கிய படி எல்லாம் பிள்ளை ஏற வேண்டும், அதுவும் டொக்டர், லோயர் என்று பலகை போட்ட படியாக இருக்க வேண்டும். மகள் படிப்பை விட்டதைச் சேர்ச்சில் ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் சண்டை. கடைசியில் ஃபோலா ஒரு வாக்குக் கொடுத்தாள்: வருகிற அன்னையர் தினத்துக்கு அட்டை கடையில் இருக்கும், இல்லாவிட்டால் மறுவாரமே சட்டக் கல்லூரிக்குத் திரும்பிவிடுவேன்.

தென் லண்டனில் ஏழெட்டுக் கிளை வைத்திருந்த கடைக்காரர் ஒருவர் வாங்கச் சம்மதித்தார், திங்கட்கிழமை அட்டை கைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அச்சு இயந்திரத்தில் வெள்ளி காலை இடம் கிடைத்தது. அதை விட்டால் அடுத்த இடம் அன்னையர் தினம் கழிந்துதான். ஆகவே வியாழன் மாலைக்குள் நாலு ஃபிலிமும் சரியாக வேண்டும்.

புதன்கிழமை படம் என் கைக்கு வந்தது. ஒரு பெண்மணி, ஐம்பது ஐம்பத்தைந்து வயது, ஜன்னலோரம், தலையில் கருநீலத் துணி கட்டியிருந்தா. நல்ல கறுப்பு. க்வேசி எடுத்த படச்சுருளும் ஒரு படி இருட்டு. ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் முகம் சேறு மாதிரி வந்தது. டெரிக் அன்று மத்தியானத்துக்கு மேல் பல் வைத்தியரிடம் போய்விட்டார். நான் மேடத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், தூரிகையை எடுத்தேன்.

நீல ஃபிலிமிலும் கறுப்பு ஃபிலிமிலும் முகம் முழுவதையும் பின்னேரம் வரை பொறுமையாக அரித்தேன். ஸ்டூடியோவில் பழகின கை. கன்னம் எழும்பி வந்தது, நெற்றி தெளிந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே சந்தோசம். இதற்குத் தனியாக ஒன்றும் வாங்கப்போவதில்லை, அந்தப் பிள்ளைக்கு என் உபகாரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் மனைவிக்குச் சொன்னேன். "இண்டைக்கு அந்த ஆபிரிக்கப் பிள்ளைக்கு ஒரு நல்ல உதவி செய்தனான். படத்தை வெளிப்பாக்கி விட்டிருக்கிறன்."

"அவ கேட்டவவோ?"

"கேக்கேல்லை. கேக்க வெக்கப்படுவினம்தானே."

அவள் கறிச்சட்டியை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "என்ர படத்துக்கும் ஆரோ பென்சில் போட்டுத்தான் உங்கட வீட்டை அனுப்பினவை. நீங்கள் பெண் பாக்க வந்து, என்னைக் கண்டிட்டு ஒரு நிமிசம் கதைக்கேல்லை. ஞாபகமிருக்கோ?"

"இல்லை" என்றேன். ஞாபகம் இருந்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஃபோலாவும் க்வேசியும் வந்தார்கள். புரூஃபை விளக்கின் கீழே வைத்தேன். பாராட்டை எதிர்பார்த்து ஒதுங்கி நின்றேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஃபோலா குனிந்து பார்த்தாள். "இது யார்?"

"நீங்கள் தந்த படம்தான்."

"நான் தந்த படத்தில் இருப்பது என் அம்மா. இது யார்?"

அவளுடைய தாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தெரியாத்தனத்தோடு நின்றிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் அழகாக்கி விட்டிருக்கிறேன்" என்றேன்.

க்வேசி நிலத்தைப் பார்த்தான். ஃபோலா சத்தம் போடவில்லை. "அப்படியென்றால் முன்பு இருந்தது என்ன?" என்று மட்டும் கேட்டாள். நான் அவளைவிட அதிகம் வெளுப்பில்லை. என் கை அந்த விளக்கின் கீழே, புரூஃபுக்குப் பக்கத்தில், என்ன நிறத்தில் இருந்ததோ அந்த நிறத்தில் கிடந்தது.

டெரிக் வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "போகாது" என்றார். பிறகு ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நான் அரித்த இடத்தை விரலால் சுற்றிக் காட்டி, "இதை யார் கேட்டது?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை என்றேன். ஏசவில்லை. ஃபிலிம் நாலையும் குப்பையில் போட்டார்.

"திரும்ப ஸ்கேன் பண்ணு. அசல் எங்கே?"

நான் படச்சுருளை நீட்டினேன்.

"இது அசல் இல்லை. இதுவும் இருட்டு, இதை நம்பித்தான் நீ விழுந்தாய்." ஃபோலாவிடம் திரும்பினார். "அம்மா எங்கே?"

"வீட்டில். பெக்கமில்."

"கூப்பிடு."

பன்னிரண்டு மணிக்குத் தாய் வந்தா. அவவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டி வந்தது தகப்பனார். கோட்டும் சூட்டும் டையுமாக, வழக்கு ஒன்றுக்கு வந்தவர் போல வாசலில் நின்றார். வழக்கு இதுதான் என்று அவருக்குத் தெரியும். மாலைக்குள் மகளுக்கு ஃபிலிம் சரிவராவிட்டால் அவர் ஒரு வார்த்தை பேசாமலே வென்றுவிடுவார். ஃபோலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தாய் படத்திலிருந்த அதே கருநீலத் துணியைத் தலையில் கட்டியிருந்தா, ஆனால் உடுப்பு நல்ல செம்மஞ்சள். அந்த நிறம் தாடை முழுக்க ஏறி அடித்தது. டெரிக் ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் சாம்பல் கோட்டைக் கழற்றி அவவின் தோளைச் சுற்றிப் போர்த்து, கழுத்துவரை பொத்தானும் பூட்டிவிட்டார். கோட்டுக்கு உள்ளே டெரிக் போட்டிருந்தது கடும் பச்சைச் சேர்ட்டு. ஆகவே அன்று முழுவதும் அவர் அறைக்கு வெளியே, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் எங்களுக்குக் கட்டளை போட்டார். தன் சட்டத்தைத் தனக்காக வளைக்கவில்லை.

தாயை விளக்குக்குப் பக்கத்தில் இருத்தினோம். நான் ஸ்கேன் பண்ணிப் புரூஃப் எடுத்துக் கொண்டுவந்து அவவின் முகத்தருகே பிடிக்க வேண்டும். ஒரு புரூஃபுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். முதலாவதைப் பிடித்தேன். எல்லாரும் பார்த்தோம். பேசியது தகப்பனார்.

"இவள் காய்ச்சலில் கிடந்து எழும்பியவள்" என்றார்.

உண்மை. சாம்பல் பூத்திருந்தது. கறுப்பு மையை மிகவும் ஆழமான நிழலில் மட்டும் விட்டுவிட்டு, சிவப்பைக் கூட்டினேன். இரண்டாவது புரூஃப்.

"இது அவளுடைய அக்கா. ஊரில் இருக்கிறாள்" என்றார் தகப்பனார். அவர் இப்போது கதவடியில் இல்லை, என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

மணி மூன்றரை தாண்டியிருந்தது. எங்கே பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை. புரூஃபை விட்டுவிட்டு அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தேன். வாழ்நாளில் கறுத்த முகம் ஒன்றை, என்ன செய்து வெளுக்கலாம் என்று நினைக்காமல் பார்த்தது அதுதான் முதல்தடவை. கன்னத்து எலும்பில் வெளிச்சம் படுகிற இடம் வெள்ளையாக இல்லை. நீலமாக இருந்தது. நான் லண்டனில் தூரிகை பிடித்த நாளிலிருந்து அந்த நீலத்தைக் குறை என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு உயிர் அதில்தான் இருந்தது. ஸ்கேனர் அறைக்குப் போய், மேடத்தின் அட்டையைக் கழற்றி மேசையில் குப்புற வைத்துவிட்டு, நீலத்தைக் குறைக்காமல் ஸ்கேன் பண்ணினேன்.

மூன்றாவது புரூஃபைப் பிடித்தபோது தகப்பனார் முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு புரூஃபைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரும்பவும் புரூஃபைப் பார்த்தார்.

"முப்பது வருசத்தில் இந்த மனிதர் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை" என்றா தாய்.

க்வேசிதான் முதலில் சிரித்தான். ஃபோலா சிரிக்கவில்லை. அவள் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மேசையில் கிடந்த மற்றப் புரூஃபை, அட்டையின் உள்ளே வரும் வாழ்த்து வரிகளை, எடுத்து வாசித்தார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"இரண்டாவது வரியில் ஒரு கமா விட்டுப் போயிருக்கிறது. இதோடு கடைக்குப் போகக் கூடாது" என்று சொல்லிக் கமாவைப் போட்டார்.

அதிபர் அல்லவா. அவரால் கொடுக்க முடிந்த சம்மதம் அந்தக் கமா. கதவுக்கு வெளியே நின்ற டெரிக்குக்குத் தெரியும்படி புரூஃபை விளக்கின் கீழே பிடித்தேன். "போகும்" என்றார்.

அந்த ஃபிலிம்களின் மை அளவை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். தலைப்பில்லாமல் எழுதினால் பிறகு தேடிப் பிடிக்க ஏலாது. கை தானாகத் தமிழில் ஒரு தலைப்பை எழுதிவிட்டது. ஃபோலா எட்டிப் பார்த்து, என்ன எழுத்து என்று கேட்டாள்.

"பொதுநிறம். எல்லாருக்கும் பொதுவான நிறம்."

"யாருக்குப் பொது?"

"உங்களுக்கும் எனக்கும்" என்றேன். அந்தச் சொல்லை அத்தனை வருசத்தில் நான் பொய்யில்லாமல் பாவித்தது அப்போதுதான்.

அட்டை வெள்ளி அச்சாகி, திங்கள் கடைக்குப் போனது. ஃபோலா சட்டக் கல்லூரிக்குத் திரும்பவில்லை. தகப்பனார் சேர்ச்சில், மகள் படிப்பிலிருந்து ஓய்வு எடுத்திருக்கிறாள் என்று பல வருசம் சொல்லிக்கொண்டிருந்தாராம். டெரிக் மேடத்தைத் திரும்பச் சுவரில் ஏற்றி, அந்தக் குறிப்பின் பிரதி ஒன்றை அவவுக்குப் பக்கத்தில் குத்திவிட்டார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தூரிகையும் மருந்தும் போயின, டெரிக் ஓய்வு பெற்றார், எங்கள் கம்பெனியும் மூடப்பட்டது. ஃபோலாவின் கம்பெனி படுக்கையறையை விட்டு வெளியேறி ஒரு மாடி முழுவதும் பரவியிருந்தது. என் கடைசி இரண்டு வருசம் நான் அங்கேதான் நிறம் பார்த்தேன். அவள் தந்த வேலையை ஏற்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏற்றுக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறும் வாரம், எனக்கென்று ஒரேயொரு அட்டை அடித்துத் தரப்போவதாகவும், அதற்கு என் அம்மாவின் படம் வேண்டும் என்றும் ஃபோலா சொன்னாள். அம்மா அப்போது இல்லை. வீடும் ஷெல் விழுந்து போய்விட்டது. மிஞ்சியது சுவரில் இருந்த அந்த ஸ்டூடியோப் படம் ஒன்றுதான். அதை ரெய்னர்ஸ் லேனில் இருந்த தங்கை வைத்திருந்தாள். வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஃபோலா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தொழில் தெரிந்தவளிடம் ஒளிக்க ஏலாது.

"பென்சிலா?"

"ஓம். நான்தான்."

"கவலைப்படாதீர்கள். இப்போது திருப்பி ஏற்றலாம்" என்று என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "நான் மெல்ல மெல்லக் கறுப்பாக்கிக்கொண்டு போகிறேன். உங்கள் அம்மா வந்ததும் நிற்பாட்டச் சொல்லுங்கள்."

திரையில் அம்மாவின் முகம் கறுக்கத் தொடங்கியது. கன்னம் மங்கியது, பிறகு நெற்றி. நான் கண்ணை எடுக்காமல் அம்மாவின் அசல் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்; ஞாபகத்தில் வந்தது சுவரில் இருந்த படம்தான். முகம் இன்னும் கறுத்தது. ஃபோலா இரண்டு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். திரை முழுக்க இருட்டாகும் வரை நான் நிற்பாட்டச் சொல்லவில்லை.